பெரிய பெயர் வேண்டாம். படித்துப் பார்க்கும் ஆள் வேண்டும்!

மதகடிப்பட்டுச் சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர், கண்ணை மூடிக்கொண்டு பணத்தை நீட்டுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறார்.

வீடு கட்டக் கொத்தனாரை அமர்த்துகிறவர், அவர் முன்பு கட்டிய வீட்டைப் போய்ப் பார்க்கிறார். சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்.

ஆனால், பெற்ற பிள்ளை கல்லூரியில் கடைசி ஆண்டு ஆராய்ச்சி செய்யப் போகிறது. ஓர் ஆண்டு உழைப்பு. அந்த உழைப்பை எந்த ஆசிரியரின் கையில் ஒப்படைப்பது? அதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை!

"காலேஜில் யாரைப் போடுகிறார்களோ, அவரிடம் செய்துவிட்டுப் போகட்டும்" என்கிறார்கள்.

இப்படி விட்டுவிடலாமா? கூடாது. வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமப் பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் விடக் கூடாது.

அது என்ன நாலாவது ஆண்டு?

பி.ஏ., பி.எஸ்சி. என்றால் மூன்று ஆண்டு என்றுதான் எல்லாருக்கும் தெரியும். இப்போது நாலாவது ஆண்டும் வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு, 2022ஆம் ஆண்டு டிசம்பரில் இதற்கான திட்டத்தை வெளியிட்டது. புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளும் இந்த முறைக்கு வந்திருக்கின்றன.

மூன்று ஆண்டில் நூற்றுக்கு 75 வாங்கிய பிள்ளை, நாலாவது ஆண்டில் ஆராய்ச்சி செய்யலாம். செய்து முடித்தால் "ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ்" பட்டம். மொத்தம் 160 கிரெடிட்டில், ஆய்வேடு ஒன்றுக்கே 12 கிரெடிட். இந்தப் பட்டத்தில் 75 விழுக்காடு இருந்தால், எம்.ஏ. படிக்காமலே பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று 2022ஆம் ஆண்டு விதி சொல்கிறது.

ஆகவே, இது சின்ன விஷயம் அல்ல. பிள்ளையின் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு இதுதான் வாசற்படி.

மற்றப் பாடங்களைவிட, மனோதத்துவம் படிக்கிற பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். உளவியல் என்று சொல்வதும் இதைத்தான். ரசாயனம் படிக்கிறவர் கண்ணாடிக் குழாயில் ஆராய்ச்சி செய்கிறார். குழாய் உடைந்தால் வேறு வாங்கலாம். மனோதத்துவம் படிக்கிறவரோ, மனிதர்களின் மனத்தில் கை வைக்கிறார். அது உடைந்தால்?

இந்த ஆராய்ச்சிக்கு இரண்டு வகைப் பெரியவர்கள் வேண்டும். ஒருவர் வழிகாட்டி. ஆரம்பம் முதல் கூடவே இருந்து சொல்லிக்கொடுப்பவர். இன்னொருவர், எழுதியதைப் படித்துப் பார்த்துக் குறை நிறை சொல்பவர். அமெரிக்காவில் பல கல்லூரிகளில் இவருக்கு "ரீடர்" என்றே பெயர்.

இந்த இரண்டு பேரையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

யாருக்கு நஷ்டம்?

நகரத்தில் படித்த வீட்டுப் பிள்ளைக்கு, வழிகாட்டி சரியில்லை என்றாலும் பெரிய நஷ்டம் இல்லை. சித்தப்பா பேராசிரியராக இருப்பார். அக்காள் பி.எச்டி. செய்துகொண்டிருப்பாள். இரவில் சாப்பிட்டுக்கொண்டே சந்தேகம் கேட்டுக்கொள்ளலாம்.

பாகூர் ஏரிக்கரையில் நெல் பயிரிடுகிறவரின் மகள் யாரைக் கேட்பாள்? அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவளே அவள்தான்! அவளுக்குக் கிடைத்த வழிகாட்டிதான் சித்தப்பா, அவர்தான் அக்காள், அவர்தான் எல்லாம். அவர் கைவிட்டால் வேறு கை இல்லை.

அதனால்தான், இந்தத் தேர்வு நகரத்துப் பிள்ளையைவிடக் கிராமத்துப் பிள்ளைக்குப் பெரிய தேர்வு.

பவணந்தி சொன்ன நாலு பேர்

"குருவை நாம் தேர்ந்தெடுப்பதா? அது மரியாதைக் குறைவு அல்லவா?" என்று சிலர் கேட்கலாம்.

இல்லை. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே, பவணந்தி முனிவர் தமது நன்னூலில் இதைப் பற்றிப் பேசிவிட்டார். ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்று இரண்டையும் சொல்லியிருக்கிறார். இலக்கணம் படிக்க வந்த மாணவனிடம், முதலில் ஆசிரியரை எடை போடச் சொல்லித்தருகிறார்!

ஆகாத ஆசிரியருக்கு அவர் நாலு உவமை சொன்னார். இன்றைய கல்லூரிக்கும் அந்த நாலும் அப்படியே பொருந்தும்.

முதலாவது, கழற்சிக்காய் போட்ட குடம். கவிழ்த்தால் வரிசை இல்லாமல் கொட்டும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று சொல்லிப் பிள்ளையைக் குழப்புகிற வழிகாட்டி இவர்.

இரண்டாவது, மடல் பனை. கருக்கு மட்டை கிழிப்பதால் ஏற முடியாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. பெரிய பெயர், பெரிய பதவி. ஆனால் பார்க்கவே முடியாது. அறை வாசலில் பிள்ளை மூன்று மணி நேரம் நிற்க வேண்டும்.

மூன்றாவது, பஞ்சு அடைத்த குண்டிகை. எல்லாம் உள்ளே இருக்கிறது. வெளியே எடுப்பதுதான் கஷ்டம். கேட்டால் ஒரு சொல். மறுபடி கேட்டால் அரைச் சொல்.

நாலாவது, முடத் தென்னை. ஒருவர் வீட்டில் தண்ணீர் ஊற்றுகிறார். மரம் சாய்ந்து, அடுத்த வீட்டில் காய் போடுகிறது. வெயிலில் ஊர் ஊராய்ப் போய்த் தகவல் சேகரித்தவள் மாணவி. கட்டுரையில் வேறு யார் பெயரோ முதலில் வருகிறது!

இந்த நாலு பேரில் மிகவும் ஏமாற்றுகிறவர் மடல் பனைதான். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரமாக இருப்பார். பிள்ளைகள் அங்கேதான் ஓடுகிறார்கள். பெற்றோரும் "அவர் ரொம்பப் பெரியவராமே, அவரிடமே சேர்ந்துகொள்" என்கிறார்கள்.

பெரிய பெயர் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அழகாக இருக்கும். ஆனால் மற்றப் பக்கங்களைப் படித்துத் திருத்த ஒரு மனிதர் வேண்டுமே!

நல்லவர் எப்படி இருப்பார்?

நல்ல ஆசிரியருக்குப் பவணந்தியார் சொன்ன உவமைகளில் ஒன்று நிலம். தோண்டினாலும் பொறுக்கும். உழைத்தவனுக்கு உழைப்புக்கு ஏற்ப விளைச்சல் தரும். வழிகாட்டி அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு கதை உண்டு. ஜெர்மனியில் பெர்லின் நகரம். கர்ட் லெவின் என்று ஒரு மனோதத்துவப் பேராசிரியர். மாணவர்களுடன் காபிக்கடையில் உட்கார்ந்து பேசுவார். அந்தக் கடைப் பரிமாறுபவர், யார் என்ன சாப்பிட்டார் என்பதை எழுதாமலே நினைவில் வைத்திருந்தாராம். காசு கொடுத்துக் கணக்குத் தீர்ந்த பிறகு கேட்டால் மறந்து போயிற்றாம்!

முடியாத வேலை மனத்தில் நிற்கிறது. முடிந்த வேலை மறந்துபோகிறது. அது உண்மையா? லெவினின் மாணவி புளூமா சைகார்னிக் அதைச் சோதித்துப் பார்த்து, 1927இல் வெளியிட்டார். இன்றும் உலகம் முழுவதும் மனோதத்துவப் புத்தகங்களில் அந்த மாணவியின் பெயர் இருக்கிறது. பேராசிரியரின் பெயரால் அல்ல, மாணவியின் பெயரால்தான் அந்தக் கண்டுபிடிப்பை அழைக்கிறார்கள்.

இவர்தான் நிலம் போன்ற வழிகாட்டி! மாணவியோடு உட்காருகிறார். கண்ணெதிரே நடப்பதைக் கவனிக்கச் சொல்லித்தருகிறார். விளைந்ததை அவளுக்கே விட்டுவிடுகிறார்.

வில்லியனூர் கடைத்தெருவில் டீக்கடைகள் இல்லையா? பிள்ளைகள் கவனிக்க அங்கே ஒன்றும் இல்லையா?

ஒரு கையெழுத்துச் சிக்கல்

நல்ல வழிகாட்டி இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும்? ஓர் உதாரணம் பார்க்கலாம்.

குடிக்கிற தகப்பனார் இருக்கும் வீட்டில், பிள்ளைகள் இரவில் சரியாகத் தூங்குகிறார்களா? இதை ஆராய வேண்டும் என்று ஒரு மாணவி ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆசைதான். அவள் தெருவிலேயே அப்படி நாலு வீடு இருக்கலாம்.

ஆனால், பள்ளிப் பிள்ளைகளிடம் சும்மா போய்க் கேள்வி கேட்டுவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, 18 வயது ஆகாதவர்களிடம் ஆராய்ச்சி செய்யப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் சம்மதமும் வேண்டும்.

சரி, பெற்றோர் யார்? குடிக்கிற அந்தத் தகப்பனாரே! "நான் குடிப்பதால் என் மகன் தூங்குகிறானா என்று விசாரித்துக்கொள்ளலாம்" என்று அவர் கையெழுத்துப் போடுவாரா? போடவில்லை என்றால், ஆராய்ச்சி நின்றுபோகும். போட்டுவிட்டு, இரவில் பையனை அடித்தால்? அது யார் பாவம்?

மடல் பனை இதையெல்லாம் யோசிக்க மாட்டார். "தலைப்பு நன்றாக இருக்கிறது, செய்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விடுவார்.

நிலம் போன்ற வழிகாட்டி என்ன சொல்வார்? "அம்மா, பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிடு. 18 வயது முடிந்த கல்லூரி மாணவர்களைக் கேள். தங்கள் சின்ன வயதைப் பற்றி அவர்களே சொல்லட்டும். அவர்கள் கையெழுத்தே போதும். எழுதுகிற தாளில் பெயர் வேண்டாம்" என்பார்.

அதோடு நிற்க மாட்டார். "கேள்வி கேட்கும்போது யாராவது அழுதால் என்ன செய்வாய்? சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னால் என்ன செய்வாய்?" என்று கேட்பார். உடனே தமக்குச் சொல்ல வேண்டும் என்பார். ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு எப்படி அனுப்புவது என்று முன்பே பேசி வைப்பார். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணைத் தாளிலேயே அச்சிடச் சொல்வார்.

பாஷை விஷயமும் உண்டு. மனோதத்துவக் கேள்வித் தாள்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் உருவானவை. அவற்றைத் தமிழில் மாற்றி, இன்னொருவரைக் கொண்டு மறுபடி இங்கிலீஷில் மாற்றி, பொருள் மாறவில்லையே என்று பார்க்க வேண்டும். கிராமத்துப் பாட்டி "மனச்சோர்வு" என்று சொல்ல மாட்டாள். "நெஞ்சு கனமா இருக்கு", "எதிலேயும் மனசு போகலே" என்பாள். இந்தப் பேச்சைப் புரிந்துகொள்கிற ஒருவராவது அந்தக் குழுவில் இருக்க வேண்டாமா?

தேருக்குக் கட்டை போடுகிறவர்

வழிகாட்டி கிடைத்துவிட்டார். படித்துப் பார்ப்பவர் எதற்கு?

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வடம் பிடிக்க ஊரே திரண்டு வரும். ஆனால், சக்கரத்தின் பக்கத்திலேயே சிலர் கட்டையோடு நடப்பார்கள். தேர் ஒரு பக்கமாக ஒதுங்கினால், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திருப்புவார்கள். அவர்கள் இல்லாவிட்டால் தேர் தெருவோரத்து வீட்டுக்குள் போய்விடும்!

வழிகாட்டி வடம் இழுப்பவர். படித்துப் பார்ப்பவர் கட்டை போடுகிறவர்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியம் அரங்கேறியபோது, அதைக் கேட்டவர் அதங்கோட்டு ஆசான் என்று அதன் பாயிரம் சொல்கிறது. தொல்காப்பியருக்கே ஒருவர் தேவைப்பட்டார் என்றால், கல்லூரிப் பிள்ளைக்குத் தேவைப்படாதா?

வெளியாளின் கண் எவ்வளவு அவசியம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. 1971 ஆகஸ்டில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஸிம்பார்டோ என்ற பேராசிரியர் ஒரு பரிசோதனை நடத்தினார். மாணவர்களில் சிலர் கைதி, சிலர் காவலர். கட்டடத்தின் கீழ்த்தளமே சிறை. இரண்டு வாரம் நடத்துவதாகத் திட்டம்.

காவலர் வேடம் போட்ட மாணவர்கள் கொடுமை செய்ய ஆரம்பித்தார்கள். கைதி வேடம் போட்டவர்கள் மனம் உடைந்தார்கள். நடத்தியவர்களுக்கு அது உறைக்கவில்லை! தாங்களே அந்தச் சிறைக்குள் மூழ்கிவிட்டார்கள். அப்போதுதான் பி.எச்டி. முடித்திருந்த கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற பெண் பார்க்க வந்தார். பிள்ளைகளுக்கு இழைக்கப்படுவது கொடுமை என்று ஆட்சேபித்தார். ஆறே நாளில் பரிசோதனை நின்றது.

உள்ளே இருந்த பேராசிரியருக்குத் தெரியாதது, வெளியே இருந்து வந்தவருக்குத் தெரிந்தது!

ஆகவே, படித்துப் பார்ப்பவர் வழிகாட்டியின் நெருங்கிய நண்பராக இருக்கக் கூடாது. "ஆகட்டும், ஆகட்டும்" என்று தலையாட்டுகிறவராக இருக்கக் கூடாது. நன்னூல் சொல்லும் இன்னொரு உவமை நிறைகோல், அதாவது தராசு. இவர் அந்தத் தராசு. இவரைக் கடைசி மாதத்தில் தேடக் கூடாது. ஆரம்பத்திலேயே கேட்டு வைக்க வேண்டும். கட்டிய வீட்டை இடிப்பதைவிட, கோடு கிழிக்கும்போதே திருத்துவது சுலபம்.

எப்படிக் கேட்பது?

மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல ஆசிரியரும் கோபிக்க மாட்டார். மூன்றாவது ஆண்டு முடிவதற்குள்ளேயே போய்க் கேட்க வேண்டும்.

"வணக்கம் சார். நாலாவது வருஷம் ஆராய்ச்சி செய்யலாம் என்று இருக்கிறேன். உங்களிடம் செய்ய ஆசை. சில விஷயம் கேட்கலாமா சார்?"

"கேளம்மா."

இதற்குமேல் கேட்க வேண்டியவை ஐந்தே கேள்விகள்.

1. இந்த ஆண்டு உங்களிடம் எத்தனை பேர் செய்கிறார்கள்?

2. எத்தனை நாளுக்கு ஒரு தடவை உங்களைப் பார்க்கலாம்?

3. எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்திக் கிடைக்கும்?

4. நான் நினைக்கிற தலைப்பு உங்களுக்குப் பழக்கமானதா? இல்லை என்றால், உங்களுக்குப் பழக்கமான எதை நான் செய்யலாம்?

5. கட்டுரையாக வெளிவந்தால் யார் பெயர் எப்படி வரும்?

ஐந்தாவது கேள்வி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால், முடத் தென்னையை முதலிலேயே கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

இன்னொன்றும் செய்ய வேண்டும். போன ஆண்டு அவரிடம் பயின்றவர்களைத் தேடிப்பிடித்து, "அவர் நல்லவரா?" என்று கேட்கக் கூடாது. "நீங்கள் எழுதியதை அவர் படித்தாரா?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு பதில் போதும்.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது? நம் ஊர்க்காரர் என்று பார்க்கக் கூடாது. நம் ஜாதி என்று பார்க்கக் கூடாது. மார்க்கை அள்ளிப் போடுவார் என்று பார்க்கக் கூடாது. தெரிந்தவரைப் பிடித்துச் சிபாரிசுக்குப் போகவும் கூடாது. சிபாரிசில் கிடைத்த வழிகாட்டி, சிபாரிசு செய்தவரைத்தான் பார்ப்பார்; பிள்ளையைப் பார்க்க மாட்டார்.

"இருப்பதே இரண்டு பேர்!"

"தேர்ந்தெடு என்று சொல்வது சுலபம். துறையில் இருப்பதே இரண்டு மூன்று பேர். எங்கே போய்த் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். மானியக் குழு விதியே, பி.எச்டி.க்கு வழிகாட்டும் தகுதி பெற்ற நிரந்தர ஆசிரியர் குறைந்தது இரண்டு பேர் இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறது.

வழிகாட்டியை மாற்ற முடியாவிட்டால் தலைப்பை மாற்றலாம். அவருக்கு நன்றாகத் தெரிந்த துறையில் ஒரு கேள்வியை எடுக்கலாம். பிடித்த தலைப்பைத் தனியாகச் செய்வதைவிட, கொஞ்சம் வேறு தலைப்பை நல்ல துணையோடு செய்வது மேல்.

படித்துப் பார்ப்பவர் வெளியே இருக்கலாம். கல்லூரி அனுமதித்தால் முறைப்படி, இல்லாவிட்டால் உதவியாக. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது. பாகூர் தெற்குக் கோடி. காலாப்பட்டு வடக்குக் கோடி. பஸ் மாறித்தான் போக வேண்டும். ஆனால் கடிதம் எழுதப் பஸ் வேண்டியதில்லை.

கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். மனோதத்துவத்தில் ஆராய்ச்சி செய்து புத்தகம் எழுதினார். அதை வியன்னாவில் இருந்த பிராய்டுக்கே தபாலில் அனுப்பினார். பிராய்டு படித்துவிட்டு, 1921இல் பதில் எழுதினார். கப்பலில் போய்க் கப்பலில் வந்த தபால்! இன்றைக்கு ஒரு மின்னஞ்சல் நொடியில் போகிறது. கேட்கத் துணிவுதான் வேண்டும்.

கல்லூரி என்ன செய்ய வேண்டும்?

பொறுப்பு முழுவதையும் பிள்ளையின் தலையில் கட்டுவது நியாயம் அல்ல. கல்லூரிகளும் ஒன்று செய்ய வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டட்டும். எந்த ஆசிரியர் எந்தத் துறையில் வழிகாட்டுவார், எத்தனை பேரை ஏற்பார், எந்தக் கிழமை எந்த நேரம் பார்க்கலாம் என்று அதில் இருக்கட்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை. நகரத்துப் பிள்ளைக்குச் சித்தப்பா சொல்லும் ரகசியம், கிராமத்துப் பிள்ளைக்குப் பலகையில் கிடைத்துவிடும்.

பாகூருக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விக்கூடத்துக்கு, மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. செப்பேடு சொல்லும் செய்தி இது. மூன்று ஊர் விளைச்சல், பாடம் சொல்கிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் போனது. ஊர் ஆசிரியரைத் தாங்கியது. ஆசிரியர் மாணவரைத் தாங்கினார்.

இன்றும் ஊர் மக்களின் வரிப் பணத்தில்தான் அரசுக் கல்லூரிகள் நடக்கின்றன. ஆகவே, "என் மகள் எழுதியதை யார் படிப்பார் ஐயா?" என்று ஒரு விவசாயி கேட்டால், அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பெற்றோருக்கு மனோதத்துவம் தெரிய வேண்டியதில்லை. இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. மாதம் ஒரு தடவை, "எழுதியதை உன் வாத்தியார் படித்தாரா? என்ன சொன்னார்?" என்று மட்டும் பிள்ளையைக் கேட்டால் போதும். இரண்டு மாதம் தொடர்ந்து "இல்லை" என்று பதில் வந்தால், துறைத் தலைவரைப் போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும். நாலாவது ஆண்டில் மொத்தம் இருப்பதே இரண்டு செமஸ்டர்தான்!